கண்ணுப் பொண்ணுக்குக் காத்து ஆகாது

“மேடம், ஒரு சந்தேகம். கடல்ல விழுந்து செத்தா அது டியூட்டில செத்ததா, இல்ல லீவுல செத்ததா?”

போலீஸ் சார்ஜென்ட் லெயோதானுக்கு இதைக் கேட்டு யாரையும் சிரிக்க வைக்கும் எண்ணம் இல்லை. பயம் வந்தால் அவனுக்கு வாய் நீளும். ஹவானாவில் பிறந்து வளர்ந்தவன். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து காதலித்த நாட்களில்கூட கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவான். நீச்சல் சுத்தமாகத் தெரியாது.

“டியூட்டிதான். மாலை வாங்கி வெக்கறேன். இப்ப வாளியைப் பாரு,” என்றார் லெப்டினன்ட் எனெய்தா கிரோஸ்.

அடியில் கண்ணாடி பதித்த தகர வாளி அது. படகின் ஓரமாகக் குனிந்து அதைத் தண்ணீரில் பாதி அமுக்கிப் பிடித்தால் கடலடி பளிச்சென்று தெரியும். கரையிலிருக்கும் பத்தபனோ ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படிப் பார்த்துத்தான் கடற்பஞ்சு எடுக்கிறார்கள். லெயோதான் தேடியது பஞ்சை அல்ல. டாக்டர் மரிஸ்தேலா போஃபில்லின் பிணத்தை. அந்த வார்த்தையைப் படகில் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வாளிக்குள் திடீரென்று ஐந்து விரல்கள் அசைந்தன.

“மேடம்!” என்று அலறியவன் பின்பக்கமாக விழுந்தான். வாளி உருண்டது.

எஞ்சின் பக்கத்திலிருந்து கிழட்டுச் சிரிப்பு ஒன்று கேட்டது. “தம்பி, அது விரல் பஞ்சு. நீரோட்டத்துல ஆடும். கை குடுத்துட்டு வர்றீங்களா?” படகோட்டி எவெலியோவுக்கு அறுபது வயதிருக்கும். அப்பனும் தாத்தனும் பஞ்செடுத்தவர்கள். வயதான பின் டாக்டரின் ஆய்வுக்கூடத்தில் படகோட்டியாகச் சேர்ந்திருந்தார். புயல் வருகிறது என்று ஊரே மெத்தையையும் டிவியையும் பன்றிக்குட்டியையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, “நான் படகு தர்றேன், லெப்டினன்ட் அம்மா” என்று முன்வந்த ஒரே ஆள் அவர்தான்.

லெயோதான் எழுந்து உட்கார்ந்தான். தெற்கே வானம் அடிபட்ட இடம் போலக் கன்றிக் கிடந்தது. தெற்குக் காற்று கிளம்பினால் இந்த வளைகுடாவின் தண்ணீரெல்லாம் கரையை நோக்கி ஏறும். தெருவுக்குள் வரும், வீட்டுக்குள் வரும். வானொலி சாயங்காலம் என்று சொல்லியிருந்தது. வானத்துக்கு வானொலி கேட்கும் பழக்கம் இல்லை போலிருந்தது.

வழக்கு சின்னதுதான். டாக்டர் போஃபில் இந்த வளைகுடாவில் ஒரு கடற்பஞ்சைக் கண்டெடுத்தார். கரீபியக் கடற்பஞ்சைப் பார்த்துக் கற்றுக்கொண்டு செய்த ரத்தப் புற்றுநோய் மருந்து ஆஸ்பத்திரிகளில் எவ்வளவோ காலமாக இருக்கிறது. இந்தப் புதுப் பஞ்சின் சாறு அதைவிடப் பெரிய வேலை செய்யும் என்று டாக்டர் நம்பினார். நேற்று அந்தப் பஞ்சு ஆய்வுக்கூடத்துத் தொட்டியிலிருந்து காணாமல் போனது. கூடவே டாக்டரும்.

கிடைத்தது ஒரே ஒரு துப்பு. டாக்டர் தன் உதவியாளர் ரெனியெரின் போனுக்குப் பேசி அனுப்பிய செய்தி. எனெய்தா அதை மறுபடி ஓடவிட்டார்.

“ரெனியெர், நான் நல்லாருக்கேன். தேட வேண்டாம். பழைய அடைப்புல ஒரு கண்ணுப் பொண்ணு கெடக்கு. தெக்குக் காத்து வர்றதுக்குள்ள எடுத்து வெளில போட்டு நல்லாக் காத்தாட விடுங்க.”

பத்தபனோவில் பஞ்சுகளுக்கு ஆண், பெண் என்றுதான் பெயர். பெரிய பெரிய துளையோடு இருப்பது கண்ணுப் பொண்ணு. அதனால் ஊரில் யாரும் இந்தச் செய்தியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா வழக்கம்போல எங்கோ பஞ்சு பார்க்கப் போயிருக்கிறார், ஒரு பஞ்சை எடுத்து வைக்கச் சொல்கிறார், அவ்வளவுதான் என்றார்கள். அடைப்பு என்பது கரையோர ஆழமில்லாத தண்ணீரில் கழிகளை நட்டுக் கட்டிய வேலி. அறுத்த பஞ்சை அதில் ஊறப்போடுவார்கள். காலையிலிருந்து எவெலியோ ஒவ்வொரு அடைப்பாகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் காலி.

“அண்ணே, உங்க சட்டையில ஒரு வாசனை வருதே, பூண்டும் அழுகின கடலும் சேர்ந்த மாதிரி. வீட்ல என்ன சமையல்?” என்றான் லெயோதான். பேசிக்கொண்டிருந்தால் அலை தெரியாது என்ற நம்பிக்கை அவனுக்கு.

“மீன் குழம்பு,” என்றார் எவெலியோ. “லெப்டினன்ட் அம்மா, போதும், திரும்பிடலாம். காத்து மாறுது. உங்களைக் கரையில விட்டுட்டு நான் என் மகளைப் பாக்கணும். உடம்பு முடியாதவ.”

“இன்னும் கொஞ்சம்,” என்றார் எனெய்தா. லெயோதானின் கையைப் பிடித்துப் படகின் முனைக்கு இழுத்துப் போனார். அங்கே காற்றின் சத்தத்தில் பேச்சு பின்னால் கேட்காது.

“லெயோ, ரெனியெர் காலைல என்ன சொன்னார்? பஞ்சைப் பத்தி.”

“நிறையச் சொன்னார். பாதியில தூங்கிட்டேன்.”

“உயிருள்ள பஞ்சைத் தண்ணிக்கு மேல ஒரு நிமிஷம் தூக்கினாக்கூட துளைக்குள்ள காத்து புகுந்து செத்துடும்னார். ஆய்வுக்கூடத்துல தொட்டி மாத்தறதுகூடத் தண்ணிக்குள்ளயே. அப்படிப்பட்ட டாக்டர், எடுத்துக் காத்தாட விடுங்கன்னு சொல்வாங்களா?”

லெயோதான் கண்ணைச் சுருக்கினான். “அவசரத்துல உளறியிருப்பாங்க.”

“காத்து கெடைச்சா பஞ்சு செத்துடும். காத்து கெடைக்கலன்னா சாகறது எது?”

அவனுக்கு விடை தெரிந்தது. ஊரே பஞ்சு என்று நினைத்துக்கொண்டிருந்த பெண், பஞ்சே இல்லை.

“அவங்களையே சொல்லியிருக்காங்க,” என்றான் மெதுவாக. “எவனோ அவங்களை அடைச்சு வெச்சிருக்கான். தெக்குக் காத்து வந்தா தண்ணி ஏறும். மூழ்கிடுவாங்க.”

“கெட்டிக்காரன். இப்ப அடுத்தது. அவங்க பேசும்போது அடைச்சவன் பக்கத்துலயே நிக்கறான். ‘யாரும் தேட வேண்டாம்னு சொல்லு’ன்னு மிரட்டறான். இவங்க கூடவே ரெண்டு வரி சேர்த்துச் சொல்றாங்க. ரெனியெருக்குக் கேட்ட உடனே நெருடிச்சு, போலீசுக்கு ஓடி வந்தார். பக்கத்துல நின்னவனுக்கு ஏன் நெருடல?”

பதிலுக்குக் காத்திராமல் எனெய்தா பின்பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். “எவெலியோ! ஒரு சின்ன விஷயம். கண்ணுப் பொண்ணை எப்படிக் காத்தாட விடறது?”

“அதுல என்ன இருக்கு?” எவெலியோ சுக்கானிலிருந்து கையெடுக்காமலே சொன்னார். “மேல் தட்டுல பரப்பிப் போட்டா வெயிலும் காத்தும் பட்டுத் தோல் கறுத்துச் செத்துடும். அப்புறம் அடைப்புல ஊறப்போட்டுக் கட்டையால அடிச்சு அலசினா பஞ்சு பஞ்சா வந்துடும். எங்கப்பா காலத்துலேருந்து முதல் வேலையே காத்தாட விடறதுதான்.”

“ரொம்ப நன்றி,” என்றார் எனெய்தா.

லெயோதானுக்கு இப்போது புரிந்தது. குளிக்கத் தேய்க்கும் பஞ்சு எடுத்துப் பழகினவன் காதுக்கு மட்டும்தான் அந்த வரியில் தப்பு தெரியாது. டாக்டர் அதை நம்பித்தான் சொல்லியிருக்கிறார். ஆய்வுக்கூடத்தில் அப்படிப்பட்ட ஆள் ஒருத்தர்தான். அந்த ஒருத்தர் இப்போது சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர்.

“மேடம்,” என்றான். “உங்ககிட்டத் துப்பாக்கி இருக்கே.”

“அவரைச் சுட்டுட்டா படகை யார் ஓட்டறது? நீயா?”

“முதல்லயே தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சேவா ஏறினோம்?”

“ஊரே ஓடும்போது ஒருத்தர் படகு தர்றார்னா ஒண்ணு மகா நல்லவரா இருக்கணும், இல்ல நாம வேற யார் படகுலயும் ஏறிடக் கூடாதுன்னு நினைக்கணும். நான் மகா நல்லவங்களை அதிகம் பாத்ததில்ல.” எனெய்தா மேற்குப் பக்கம் தாடையால் காட்டினார். “அங்க மாங்குரோவ் காட்டோரமா ஒரு அடைப்பு. எல்லாத்தையும் காட்டினவர் அதை மட்டும் தள்ளி ஓட்டினார். நெருப்புப் பஞ்சு மண்டிக் கெடக்கு, பட்டா கை வீங்கிடும்னார். பாத்தியா?”

“அப்ப அங்க போகச் சொல்லுங்க!”

“சேத்துக்குள்ள நல்ல வழி ஒண்ணுதான் இருக்கும், அது அவருக்குத்தான் தெரியும். மாட்டேன்னு படகைத் தரை தட்ட விட்டார்னா டாக்டர் கதை முடிஞ்சுது. அவரா விரும்பித் திரும்பணும்.”

முதல் காற்று முகத்தில் அறைந்தது. தெற்கிலிருந்து. எவெலியோவும் அதை உணர்ந்தார். கண்ணை மேற்கே ஓட்டிவிட்டுச் சட்டென்று மீட்டுக்கொண்டார். அந்த ஒரு பார்வையில் இருந்தது வஞ்சம் இல்லை, திகில். அதைப் பார்த்ததும் லெயோதானின் பயம் இரண்டு மடங்கானது. பயந்தவன் என்ன செய்வான் என்று யாரால் சொல்ல முடியும்?

எனெய்தா பிளாஸ்கைத் திறந்து சின்னக் கோப்பையில் காபி ஊற்றி, எவெலியோவின் எதிரே போய் உட்கார்ந்து நீட்டினார். ஏதோ கல்யாண வீட்டில் உட்கார்ந்திருப்பது போல.

“மகளுக்கு என்ன உடம்பு?”

“ரத்தத்துல புத்து.” எவெலியோ கோப்பையை வாங்கவில்லை. “ஆஸ்பத்திரியில ஆனதெல்லாம் பாத்தாச்சு. பேர் மாயெலின். பத்தொம்பது வயசு.”

“டாக்டர்கிட்ட அந்தப் பஞ்சு மருந்தைக் கேட்டீங்களா?”

அவர் தாடை இறுகியது. “கேட்டேன். கால்ல விழுந்து கேட்டேன். இன்னும் பத்து வருஷம் சோதனை இருக்கு, அது மருந்து இல்லைன்னாங்க. கண்ணாடித் தொட்டியில தண்ணி ஊத்தி வளக்கறாங்க, எம்பொண்ணு இங்க சாகறா. அவங்க மேல தப்பு சொல்லல. சட்டம் அப்படி.”

“ரெனியெரும் அதைத்தான் சொன்னார்.” எனெய்தா காபியைத் தானே குடித்தார். “அந்தச் சாறு குடுத்த எலிகளுக்கு முதல்ல ஒண்ணும் ஆகலையாம். சாயங்காலத்துக்குள்ள ஒவ்வொண்ணா இதயம் நின்னுடுச்சாம்.”

சுக்கான் பிடித்திருந்த கை நின்றது.

“எந்த எலி?”

“எல்லா எலியும்.”

“மாத்து மருந்து?”

“இருக்காம். ஆனா அது டாக்டர் போஃபில்லுக்கு மட்டும்தான் தெரியும்.” எனெய்தா கோப்பையைக் கவிழ்த்து உதறினார். “மீன் குழம்புல யாராவது பஞ்சைப் போடுவாங்களா, எவெலியோ?”

அடுத்த நொடி படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. லெயோதான் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யெமயா அம்மாவைக் கூப்பிட்டான். கடலுக்கு அம்மா அவள். பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒரு பூகூடப் போட்டதில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. படகு மேற்கே பறந்தது. எவெலியோ வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினார். “காலையிலயே திறந்து விட்டிருப்பேன். ரெண்டு வேளை குடுக்கற வரைக்கும்தான் அடைச்சேன். வெளில இருந்தா தடுத்துடுவாங்களேன்னு. சாக விடணும்னு நினைக்கல, சத்தியமா நினைக்கல. நீங்க வந்து நின்னுட்டீங்க!”

லெயோதான் தவழ்ந்து எனெய்தாவின் பக்கம் வந்தான். “மேடம், ரெனியெர் எலியைப் பத்தி எப்ப சொன்னார்? அதுக்கும் தூங்கிட்டேனா?”

“எலியும் இல்ல, பூனையும் இல்ல. பேசாம இரு.”

அவனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தப் பொய் எவெலியோவுக்குப் புரிந்துவிட்டால் மூன்று பேரும் இங்கேயே சமாதி.

மாங்குரோவ் ஓரத்து அடைப்பில் ஒரு பழைய மீன்பிடிப் படகு சேற்றில் பாதி புதைந்து கிடந்தது. பிடித்த மீனை உயிரோடு கொண்டுவர நடுவில் ஒரு அறை இருக்கும். கடல் தண்ணீர் உள்ளே போய் வர அறையின் பக்கப் பலகையில் ஓட்டை போட்டிருப்பார்கள். வெளியே தண்ணீர் ஏறினால் உள்ளேயும் ஏறும். அறையின் மூடி மேலே ஆணி அடித்து இறுக்கியிருந்தது. பலகையெல்லாம் செக்கச் சிவந்த நெருப்புப் பஞ்சு.

தண்ணீர் மூடிக்குக் கீழே ஒரு சாண் அளவில் நின்றது. உள்ளே சத்தமே இல்லை.

எவெலியோ எஞ்சினை அணைக்காமலே குதித்தார். கடப்பாரையை மூடியின் இடுக்கில் கொடுத்து நெம்பினார். ஒரு பக்கம் கிளம்பியது, மறுபக்கம் கிளம்பவில்லை. “தம்பி! ஒரு கை குடுங்க! அந்தப் பக்கம் தூக்குங்க!”

லெயோதான் குதித்தான். நீச்சல் தெரியாது என்பதை மறந்துவிட்டுக் குதிக்கவில்லை; நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டு, “ஐயோ செத்தேன், ஐயோ செத்தேன்” என்று கத்திக்கொண்டே குதித்தான். தண்ணீர் மார்புக்கு வந்தது. கால் சேற்றில் இறங்கியது. மூடியைப் பிடித்த கையில் நெருப்பை வைத்தது போல எரிந்தது. விடவில்லை. ஆணி கிறீச்சென்று கழன்றது.

இருட்டுக்குள் ஒரு முகம் மட்டும் தண்ணீருக்கு மேல் இருந்தது. மூக்கை மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த முகம். கண் மூடியிருந்தது. லெயோதானுக்கு உயிரே போய்விட்டது.

கண் திறந்தது.

“காத்து,” என்றார் டாக்டர் போஃபில்.

அவரைத் தூக்கிப் படகில் போட்டு எனெய்தாவின் மேல்கோட்டைச் சுற்றினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது, பல் தந்தியடித்தது. எவெலியோ படகில் ஏறவில்லை. தண்ணீரில் நின்றபடியே விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கும்பிடுவது போலத் தலையைத் தாழ்த்தினார்.

“டாக்டர், மாயெலினுக்கு அந்தச் சாறைக் குடுத்துட்டேன். நேத்து ராத்திரி ஒரு வேளை, காலைல ஒரு வேளை. மாத்து மருந்து சொல்லுங்க. அப்புறம் என்னை என்ன வேணா பண்ணுங்க.”

டாக்டர் அவரையே பார்த்தார். ஓர் இரவு முழுவதும் அந்த மூடியின் கீழ் என்னென்ன நினைத்திருப்பாரோ, எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

“பச்சையாவா குடுத்தீங்க?”

“இல்ல டாக்டர். நல்லாக் கொதிக்க வெச்சேன். பாதியா வத்தற வரைக்கும். பூண்டு போட்டு.”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். “பச்சையாக் குடுத்திருந்தா இந்நேரம் போயிருப்பா. கொதிச்சா அதுல ஒண்ணும் மிஞ்சாது, எவெலியோ அண்ணே. விஷமும் மிஞ்சாது, மருந்தும் மிஞ்சாது.”

“அப்படின்னா?”

“வெறும் உப்புத் தண்ணி. அவளுக்கு ஒண்ணும் ஆகாது.”

எவெலியோ விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். லெயோதான் வீங்கிக்கொண்டிருந்த தன் கையால் அவரை மேலே இழுத்துப் போட்டான்.

“ஒரே பஞ்சு,” என்றார் டாக்டர், யாரிடமும் இல்லாமல். “வளைகுடா முழுக்கத் தேடி அது ஒண்ணுதான் கெடைச்சுது. அதைப் போய்க் குழம்பு வெச்சிட்டீங்க.”

எவெலியோ தலை நிமிர்ந்தார். “அடியை விட்டுட்டுத்தான் அறுத்தேன், டாக்டர்.”

“என்ன?”

“பாறையோட ஒட்டினதைத் தொடல. அடியோட பிடுங்கற பழக்கம் எங்க வம்சத்துலயே கெடையாது. அடுத்த தடவை வர்றவனுக்குன்னு விட்டுட்டுத்தான் அறுப்போம். கை தானா அப்படித்தான் போச்சு.” கட்டை விரல் நகத்தைக் காட்டினார். “இவ்வளவு இருக்கும். பாத்தா வெறும் பாறை மாதிரி தெரியும்.”

டாக்டர் எழுந்து உட்கார்ந்தார். “புயல் வருதுன்னு ரெனியெர் தொட்டியைக் காலி பண்ணிடுவார். படகை எடுங்க. சீக்கிரம்!”

எனெய்தா ரேடியோவில் ஆய்வுக்கூடத்தைக் கூப்பிட ஆரம்பித்தார். மூன்றாவது தடவை ரெனியெரின் குரல் கொரகொரத்தது. தொட்டியில் கை வைக்கவில்லை, இப்போதுதான் வைக்கப் போனேன் என்றது. லெயோதான் தன்னை அறியாமல் கைதட்டப் போய், கை எரிந்து, “அம்மாடி” என்றான்.

எவெலியோ சுக்கானில் போய் உட்கார்ந்தார். கை விலங்கு மாட்டவில்லை. மாட்டினால் யார் ஓட்டுவது? கரை தெரிய ஆரம்பித்தது. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

“அந்த நகம் அளவு, முழுசா வளர எவ்வளவு நாளாகும், டாக்டர்?”

“வருஷங்கள் ஆகும், அண்ணே.”

எவெலியோ தலையை ஆட்டினார். கணக்குப் போடுகிறவர் போலக் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்.

“காலைல குடிச்சதும், வலி குறைஞ்சிருக்குப்பான்னு சொன்னா. ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரிச்சா,” என்றார். “அவகிட்ட உப்புத் தண்ணின்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

டாக்டர் போஃபில் மேல்கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சொல்லமாட்டேன் என்று தலையசைத்தார்.